வார்சோ மாளிகையும் என் வேலைச் சுவெற்றரும்

மகள் வார்சோவில் வேலை செய்கிறாள். அந்த ஊர்ப் பெடியனைத்தான் கட்டப்போகிறாள். போன வருஷம் இரண்டு வீட்டாரும் முதன்முதல் ஃபோனில் முகம் பார்த்துக் கதைத்தபோது, நான் என்ன வேலை என்று மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டார். நான் வாய் திறக்க முதல் மனிசி "எஞ்சினியர்" என்றுவிட்டா. நானும் தலையை ஆட்டிவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மெல்பேர்ண் நகரத்துக்குள் ஒரு ஒபிஸ் கட்டடத்தில் கிளீனர்.

இந்த ஜனவரியில் அங்கே போனோம். இரண்டாம் நாள் சம்பந்தி என்னையும் மகளையும் கலாசார மாளிகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொம்யூனிஸ்ட் காலத்தில் ரஷ்யர்கள் கட்டிக்கொடுத்த கட்டடம். அடுக்கடுக்காக ஏறிக் கடைசியில் ஊசியாக முடிகிறது. எஞ்சினியர் என்றபடியால்தான் கட்டடம் காட்டுகிறார் என்று எனக்கு உதறல். அத்திவாரம் பற்றிக் கேட்டால் என்ன சொல்வேன்?

முப்பதாம் மாடியில் நின்று ஊரைப் பார்த்தோம். சம்பந்தி ஏதோ கேட்டார்.

"கட்டடம் எப்பிடியாம்?" என்றாள் மகள்.

"நல்ல உயரம் எண்டு சொல்லு."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கீழே வந்து காப்பிக் கடைக்குள் போனோம். கோட்டு வாங்கி வைக்கும் அம்மா கையை நீட்டினா.

"அப்பா, கோட்டைக் கழட்டுங்கோ. இங்க கோட்டோட இருந்து சாப்பிடுறது மரியாதை இல்லை."

"எனக்குக் குளிருது."

"வேர்த்து வழியுது உங்களுக்கு!"

உள்ளே நான் போட்டிருந்தது வேலைச் சுவெற்றர். என்னிடம் இருப்பதில் அதுதான் தடிப்பு. முதுகில் பெரிய மஞ்சள் ஆங்கில எழுத்தில் 'கிளீனிங்' என்று இருக்கும். கோட்டுக்குள் ஆர் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். சம்பந்தி என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார்.

"பிள்ளை, நான் எஞ்சினியர் இல்லையெண்டு அவருக்குச் சொல்லு," என்றேன்.

"அதை அண்டைக்கே சொல்லிப்போட்டன் அப்பா. ஃபோன் வைச்ச கையோட."

"அப்ப ஏன் இங்க கூட்டிக்கொண்டு வந்தவர்?"

"இதுக்குள்ள நீச்சல் குளம் இருக்கு. அவர் சின்னனில நீந்தப் பழகினது அங்கதான். அதை உங்களுக்குக் காட்ட வேணுமாம்."

கோட்டைக் கழட்டினேன். சம்பந்தி முதுகை வாசித்துவிட்டு, நான் துப்புரவாக்குவது எத்தனை மாடி என்று மகளைக் கொண்டு கேட்பித்தார். இரண்டு கை விரலையும் விரித்துக் காட்டி, பிறகு இன்னும் இரண்டு விரல் காட்டினேன். அவர் விசிலடித்தார்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கட்டடமே கண்ணில் பட்டது. பளிங்குத் தரையின் மூலைகளைக் குனிந்து பார்த்தேன். கிளீனரின் கை மூலையில்தான் தெரியும்.

"மூலையெல்லாம் நல்ல துப்புரவு. அதையும் சொல்லு."

மகள் சொல்ல, சம்பந்திக்கு முதல் அந்தக் கோட்டு அம்மாதான் சிரித்தா.

பின்னேரம் மகளின் வீட்டுக்கு வந்தபோது மனிசி என்னை மெல்லக் குசினிக்குள் இழுத்தா.

"சமாளிச்சிட்டீங்களோ?"

"ஓம்," என்றேன்.