வெள்ளிக்கிழமைச் சாட்சி

வருகைப் பதிவேட்டில் காதர் உசேன் பெயருக்கு நேரே முதல் சிவப்புக் கோடு விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை. 1930களின் தொடக்கம். மயிலாப்பூரில் ஒரு ஜமீனின் அலுவலகத்தில் நான் ஹெட் கிளார்க். காதர் ரிக்கார்டு கீப்பர். வெள்ளிதோறும் மதியம் ஜும்மா தொழுகைக்குப் போய் வருவார். புதிதாக வந்த மானேஜரைப் பொறுத்தவரை, காகிதத்தில் இல்லாதது நடந்ததே இல்லை.

"தொழப் போறேன்னு சொல்லிட்டு நீர் பீச்சுல காத்து வாங்கிண்டிருந்தா எனக்கு எப்படிய்யா தெரியும்?"

"வந்து பாருங்க சார்" என்றார் காதர்.

பேச்சுக்குச் சொன்னார். மானேஜர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். மறுநாளே ஆபீஸ் ஆர்டர்: வேற்று மதத்து ஊழியர் ஒருவர் தொழுகையை நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும், சான்றில்லாத வெள்ளிக்கு ஒரு கோடு, மூன்று கோடு விழுந்தால் வேலை நீக்கம். சாட்சி நான்.

அடுத்த வெள்ளி பள்ளிவாசல் எதிரே குடையோடு நின்றேன்.

"இன்னா சாமி, வழி தப்பி வந்துட்டியா?" என்றார் அத்தர் விற்பவர்.

"ஆபீஸ் வேலை. காதர் தொழறதைப் பாத்து எழுதித் தரணும்."

"தொழுவுறது அவரு, டியூட்டி உனக்கா? நல்லாக்கீது."

'மேற்படி நபர் கால் கழுவினார், குனிந்தார், எழுந்தார்' என்று எழுதிக் கொடுத்தேன். 'தொழுகை முழுமையாக முடிந்ததா?' என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. ஆம் என்றேன். நான் பள்ளிவாசலுக்குப் போனதற்கு மானேஜர் ஆதாரம் கேட்டார். இமாமிடம் வாங்கி வந்தேன். அது உருதுவில் இருந்தது. அலுவலகத்தில் உருது தெரிந்தவர் காதர் ஒருவரே, அவரே தமிழில் எழுதிக் கொடுத்தார். ஆகவே காதருக்கு நான் சாட்சி, எனக்கு இமாம் சாட்சி, இமாம் எழுதியதற்குக் காதர் சாட்சி. மானேஜர் முழுத் திருப்தியோடு கையெழுத்திட்டார்.

எனக்குக் காய்ச்சல் கண்ட வெள்ளியில் இரண்டாவது கோடு விழுந்தது. பிறகு ஒரு வெள்ளியில் அமாவாசை வந்தது. தர்ப்பணம் முடித்து, சாப்பிட்டு நான் வந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. காதர் சாட்சியில்லாமலே தொழப் போயிருந்தார். எனக்குப் பின்னால் மானேஜர் வந்தார், அவருக்கும் தர்ப்பணம். வந்ததும் மூன்றாவது கோட்டை இழுத்து, நீக்கல் உத்தரவுக்கு என்னை டிராஃப்ட் போடச் சொன்னார்.

திரும்பி வந்த காதரிடம், "இனிமேல் போகலேன்னு எழுதிக் கொடுத்துடுமே" என்றேன்.

"பதினெட்டு வருசம் பாத்த வேலை சார். போனா போவட்டும். வெள்ளிக்கிழமைய விட முடியாது."

டிராஃப்ட் எழுதினேன். கீழே ஒரு குறிப்பும் சேர்த்தேன்: 'மானேஜர் அவர்களும் அடியேனும் இன்று தர்ப்பணத்தால் தாமதம். தர்ப்பணம் நடந்ததற்கு வேற்று மதச் சாட்சி இல்லை. இவ்வலுவலகத்தில் வேற்று மதத்தவர் ரிக்கார்டு கீப்பர் ஒருவரே. அவரை நீக்கிவிட்டால், இனி அமாவாசைதோறும் மானேஜர் இல்லத்துக்கு யாரை அனுப்புவது என்று உத்தரவாக வேண்டும்.'

மானேஜர் இரண்டு முறை படித்தார்.

"ஓய், நான் எள்ளும் ஜலமும் விடறதைக் காதர் வந்து பாக்கணுமா? ஆத்துல என்ன சொல்லுவா?"

கோப்புக் கட்டோடு நின்ற காதர், "எத்தினி மணிக்கு வரணும் சார்?" என்றார். "கால் கழுவிட்டே வரேன்."

மானேஜர் மூன்று கோடுகளையும் அடித்து நீக்கினார். பக்கத்தில் 'வழக்கப்படி போகலாம்' என்று எழுதினார். சாட்சி வேலை எனக்கும் தீர்ந்தது.

இப்போது வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். கோணலான விதியை எதிர்த்துக் குறிப்பு எழுதாதீர்கள், திரும்பி வரும். அந்த விதியை, அதைப் போட்டவருக்கே பொருத்திக் காட்டுங்கள். இதில் எனக்குப் பெருமை இல்லை. இருபது வருஷம் அமாவாசைதோறும் தாமதமாக வந்தவன் நான். அதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை என்பது, காதரின் வேலை போகவிருந்த அன்றுதான் எனக்கே தெரிந்தது.