பள்ளத்து முள்

குறட்டால் பிடுங்கிய முள்ளை மா செயாபெ முதலில் மோந்து பார்க்கிறார். பிறகு வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பிறகு "ம்" என்கிறார். அவ்வளவுதான். டயரைக் கொண்டுவந்த மனிதருக்கு அதற்குள் வியர்த்துவிடும். "அது வந்து மா, நேத்து மாட்டுப்பட்டிக்குத்தான் போனேன், வழியில மச்சான் வீட்டுல ஒரு சின்ன வேலை…" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்குவார். மா செயாபெ அதற்குள் ஓட்டையைச் சுற்றி உரசிப் பசை தடவிக்கொண்டிருப்பார்.

நாற்பத்தாறு வயதுப் பெண்மணி; எங்கள் ஊரில் பெண்களை மரியாதையாக 'மா' என்போம், ஆண்களை 'ரா' என்போம். கிளினிக் போகும் வழியில் மருலா மரத்தடியில் பஞ்சர் கடை. உடம்பில் ஆண்கள் போடும் நீல முழு அங்கி, தலையில் ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய பூப்போட்ட துணி. காலையில் வந்ததும் ஒரு டயரின் மேல் தான் உட்கார்ந்து, இன்னொரு டயரின் மேல் தேநீரை உட்கார வைத்து, பொரித்த ரொட்டி உருண்டை மூன்றைத் தின்று முடித்த பிறகுதான் யார் முகத்தையும் பார்ப்பார். அமைச்சரே வந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். இதுவரை எந்த அமைச்சரும் வந்ததில்லை. அவர்களுக்கெல்லாம் தார்ச்சாலையோடு வேலை முடிந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் முள் இல்லாத இடம் சர்ச்சின் உள்பக்கம் மட்டும். ஆனால் எல்லா முள்ளும் எல்லா இடத்திலும் முளைப்பதில்லை. மா செயாபெ படித்த படிப்பு முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும். மேற்கே மணல்காடு, அங்கே மொகொத்லோ மரம், அதன் முள் வெள்ளையாக, நேராக, இரண்டிரண்டாக இருக்கும். வடக்கே கல்மேட்டில் கொக்கி முள். அது சட்டையைப் பிடிக்கும், டயரை ஒன்றும் செய்யாது. கிழக்கே பள்ளம்: களிமண், பழைய குட்டை, மாடுகள் மிதித்து மிதித்துப் புல் செத்துப்போன தரை. அங்கே மொசெலெசெலே புதர்.

மற்ற விஷயங்களில் வாய் திறக்காதவர், மொசெலெசெலே என்றால் மட்டும் கேட்காமலே பேசுவார். "அதுக்கு முள்ளுன்னு தனியா ஒண்ணு கிடையாது ரா. கிளையே முனையில கூராயிடும். இங்க பாருங்க, முள்ளு மேலயே இலை முளைச்ச கணு. வேற எந்த முள்ளுக்கு இந்தத் திமிரு உண்டு?"

திமிருக்குக் குறைவில்லைதான். அவரை, துவரைக்கெல்லாம் ஒன்றுவிட்ட உறவு அது. ஆனால் காய் அவரைபோல் ஒழுங்காகத் தொங்காமல் முறுக்கிப் பின்னிக்கொண்டு கொத்தாகக் கிடக்கும். இலை இறகுபோல் மென்மை, தொட்டவன் ஏமாந்தான். முதல் மழை விழுந்ததும் பூக்கும். தொங்குகிற பூவின் மேல்பாதி இளஞ்சிவப்பு, கீழ்பாதி மஞ்சள். துணி போதாமல் தையல்காரர் ஒட்டுப்போட்டதுபோல. காயை மாடுகள் விரும்பித் தின்னும், போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதைத்துவிட்டு வரும். அதனால் அதிக மாடு வைத்திருப்பவர்கள்தான் இந்தப் புதரை அதிகம் திட்டுகிறார்கள், அதிகம் வளர்க்கவும் செய்கிறார்கள். ஒரு வருடம் ஊரே கோடரியோடு இறங்கி வெட்டியது. அடுத்த மழைக்கு வேரிலிருந்து ஒன்றுக்குப் பத்தாக எழுந்து, கூப்பிட்டீர்களா என்று கேட்பதுபோல் நின்றது.

ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்பதால், ஒரு வண்டியையோ, ஒரு பெட்டி பீரையோ, அடுத்தவர் மனைவியோடு நடக்கும் பேச்சுவார்த்தையையோ மறைக்க அந்தப் பள்ளத்தைப்போல் இடம் கிடையாது. மறைக்கலாம், ஆனால் திரும்பி வரும்போது டயரில் பத்திரம் எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிடும். அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் மா செயாபெ. அவருடைய "ம்" இதுவரை ஒரு வாக்கியமாக நீண்டதில்லை. நீண்டிருந்தால் ஊரில் பாதிக் குடும்பங்கள் சட்டி பானையைப் பங்குபோட்டிருக்கும்.

போன டிசம்பரில் அதை நீட்டச் சொன்னார்கள்.

ரா லெபாங்கின் செவலை எருது காணாமல் போனது. அவருடைய தங்கை மகனுக்கு அந்த மாதம் கல்யாணம். தாய்மாமன் ஒரு மாடு கொடுத்தாக வேண்டும், மனசே இல்லாமல், செவலையைத்தான் கொடுப்பதாக அவர் சபையில் சொல்லியும் இருந்தார். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு பட்டியில் செவலை இல்லை. "திரோதான். வெள்ளிக்கிழமை பள்ளத்து வழியா ஓட்டிட்டுப் போய் வித்துட்டான்" என்றார் ரா லெபாங். திரோ அவரிடம் மாடு மேய்ப்பவன். எங்கள் பக்கத்தில் கொலைக்குக்கூடக் காரணம் கேட்பார்கள். மாட்டுத் திருட்டுக்கு நேராகப் போலீஸ், சிறை.

ஊர் மன்றத்தில் விசாரணை. மன்றத்துக்குள் பெண்கள் கால்சட்டையோடு வரக்கூடாது என்பதால், மா செயாபெ நீல அங்கிக்கு மேலேயே ஒரு பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தார். கீழே நான்கு விரல் நீலம் தெரிந்தது. பார்த்தும் யாரும் பேசவில்லை. எல்லாருக்கும் வண்டி இருந்தது.

திரோ நடுவில் நின்று, "வெள்ளிக்கிழமை முழுக்க மேற்கே ஆழ்கிணத்துலதான் இருந்தேன் கோசி. கழுதை வண்டி அங்கதான் பஞ்சர் ஆச்சு. சனிக்கிழமை காலையில மாகிட்ட கொண்டாந்தேன்" என்றான்.

கோசி, அதாவது எங்கள் ஊர்த்தலைவர், மா செயாபெ பக்கம் திரும்பினார். "மா, அவன் டயர்ல என்ன முள்ளு?"

ஒரு முள்ளைப் பற்றிப் பேசிவிட்டால் மற்ற முட்கள் சும்மா இருக்குமா என்ற கணக்கு மா செயாபெயின் முகத்தில் ஓடியது. நாளைக்கே பாதிப்பேர் தார்ச்சாலைக் கடைக்கு டயரை உருட்டிக்கொண்டு போய்விடலாம்.

"மொகொத்லோ. ரெட்டை முள்ளு, வெள்ளை. மணல்காட்டுது. தேஞ்ச டயரு அது கோசி. பள்ளத்துல இறங்கியிருந்தா அஞ்சு முள்ளாவது ஏறியிருக்கும். ஒண்ணுகூட இல்ல."

"மாட்டை நடத்தியே ஓட்டிட்டுப் போயிருப்பான்!" என்றார் ரா லெபாங்.

"கழுதை வண்டியை மேற்கே அனுப்பிட்டு, இவன் மட்டும் கிழக்கே நடந்தானா? கழுதைக்கு வழி தெரியும், அங்கிருந்து சக்கரத்தைக் கழட்டி உருட்டிட்டு வரத் தெரியாது ரா."

கூட்டம் சிரித்தது. கோசிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்போ அன்னிக்குப் பள்ளத்து முள்ளு யார் டயர்ல இருந்துச்சு மா?"

அந்தச் சனிக்கிழமை காலையில் என் சைக்கிளோடு நானும் பஞ்சர் கடையில் காத்திருந்தேன். ரா லெபாங்கின் வண்டிச் சக்கரத்திலிருந்து ஏழு முட்கள் வந்தன, ஏழிலும் கணு. டயரின் பள்ளங்களில் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் பூ நசுங்கியிருந்தது. "டவுனுக்கு சர்ச்சுக் கூட்டத்துக்குப் போனேன் மா, தார் ரோட்லயே" என்றார் அவர். "ம்" என்றார் மா செயாபெ.

இப்போது ரா லெபாங் தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"சொல்றேன் கோசி," என்றார் மா செயாபெ. "ஆனா ஒருத்தர் பேரை மட்டும் சொன்னா ஓரவஞ்சனை ஆயிடும். இந்த வருஷம் பள்ளத்துக்குப் போய் வந்த எல்லா வண்டியையும் வரிசையா சொல்லிடறேன். ஜனவரியிலிருந்து ஆரம்பிக்கட்டுமா? மார்ச்சுல ஒரு பச்சை வண்டி…"

மன்றத்தில் நாற்காலிகள் ஒரே நேரத்தில் முனகின. நான்கு பேருக்கு இருமல். கோசியின் வண்டி பச்சை நிறம். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்து, "வெயில் ஏறிடுச்சு. திரோ மேல தப்பு இல்ல. சபை கலையலாம்" என்றார்.

மா செயாபெ பாவாடையை இறுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "மாடு தொலைஞ்சவங்க இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள பள்ளத்துல தேடிப் பாக்கட்டும். நாளைக்குன்னா எனக்கு ஞாபகம் நல்லா வந்துரும்."

மறுநாள் காலை செவலை பட்டியில் நின்றது. வாலில் மொசெலெசெலேப் பூ. "தானா வந்திருச்சு!" என்று ரா லெபாங் ஊரெல்லாம் சொல்லிவிட்டு, இரண்டு பின்சக்கரமும் தரையோடு படிந்த வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்து சேர்ந்தார். அங்கே திரோ ஏற்கனவே, மறுபடி பஞ்சரான கழுதை வண்டியோடு நின்றிருந்தான். ஒட்டி முடித்த சக்கரத்துக்கு இன்னும் காற்று அடிக்கவில்லை. அவன் முதலாளிக்கு வணக்கம் சொன்னான். முதலாளி மரத்தைப் பார்த்தார்.

மா செயாபெ மூன்றாவது ரொட்டி உருண்டையை நிதானமாகத் தின்று முடித்தார். கையைத் துடைத்தார். பிறகு கைப்பம்பை எடுத்து வந்து ரா லெபாங்கின் கையில் கொடுத்து, திரோவின் சக்கரத்தை முகவாயால் காட்டிவிட்டு, குவளையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.