ரெண்டு தட்டினா பஸ் எடுக்கும்

பேய், பிசாசு, முனி எண்டு ஆராவது கதை எடுத்தா எழும்பிப் போற ஆள் நான். ஆரையம்பதியில பிறந்து வளந்தும், வாவியில மீன் பாடுது எண்டு சொல்றத ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்ல. காதுதான் என்ட தொழில், என்ட காதுக்கு விழாத பாட்டு எனக்கு இல்ல, அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் இதச் சொல்றன் எண்டா நீங்க சிரிக்கத்தான் போறீங்க. சிரியுங்க, ஆனா முடியுமட்டும் கேட்டிட்டுச் சிரியுங்க.

நான் இசைச் சிகிச்சை படிச்சனான். அதென்ன புள்ள, பாட்டுப் பாடி வருத்தம் மாத்துறதா எண்டு கேக்காத சொந்தக்காரர் இல்ல. பேங்க் வேலைக்கு எண்டு அப்பா எடுத்த விண்ணப்பம் இன்னும் மேசை லாச்சிக்குள்ள கிடக்கு, நான் தோத்துப்போய் வருவன் எண்டு அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. படிப்பு முடிய ஒரு இடத்தில பயிற்சிக்குப் போய் ஒரே நோயாளியோட இருபது செஷன் செய்து காட்டோணும், அப்பதான் சான்றிதழ். எனக்குக் கிடைச்சது வாவிக்கரையில ஒரு பராமரிப்பு இல்லம், பேர் வேணாம். மூண்டு மாசம் ஆயத்தம் செய்தன். தாலாட்டு, கூத்துப் பாட்டு, பழைய படப் பாட்டு எண்டு நூறு பாட்டுப் பாடமாக்கி, சுருதிப்பெட்டியும் கஞ்சிராவும் தூக்கிக்கொண்டு பெரிய வித்துவான் கணக்காப் போய் இறங்கினன்.

எனக்குத் தந்த ஆள் தங்கராசா மாமா. முப்பது வருஷம் கல்முனை பஸ்ஸில கொண்டக்டரா இருந்த மனிசன். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்திட்டு, கதையும் போயிட்டு, சும்மா ஒரு முனகல்தான் மிச்சம். அவர்ட மனிசி பூமணி மாமி களுதாவளையில இருந்து பின்னேரம் பின்னேரம் பஸ் ஏறி வந்து சோறு தீத்திட்டுப் போவா. முதல்நாள் அவவிட்ட, அவர் என்ன செய்தா உங்களுக்குச் சந்தோஷம் மாமி எண்டு கேட்டன், அது எங்கட முறை, இலக்கு எண்டு ஒண்டு எழுதோணும். அவ முந்தானைய முறுக்கிக்கொண்டு, என்னை ஒருக்காப் பேர் சொல்லிக் கூப்பிட்டாப் போதும் மகள் எண்டா. நானும் அப்படியே எழுதினன். இலக்கு: பூமணி என்ற பெயரைச் சொல்லுதல்.

நூறு பாட்டும் தோத்துப் போயிட்டு. ஏழு செஷன் முடிஞ்சும் மாமா யன்னலால வாவியப் பாத்தபடி, நான் ஒருத்தி தொண்டை கிழியப் பாடுறன் எண்ட எண்ணமே இல்லாம இருந்தார். எங்கட பயிற்சியப் பாத்துக்கொள்ற மேடம் வேற நோயாளி எடுப்பமா வினோதினி எண்டு கேட்டா. எனக்குச் சுள்ளெண்டு கோபம் வந்திட்டு. மாட்டன் எண்டன். அண்டைக்கு வீட்ட போகேக்க பஸ்ஸில கொண்டக்டர் புட்போட்டில தொங்கிக்கொண்டு நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா எண்டு கூப்பிடுறான், அது அப்படியே ஒரு மெட்டு. அட மடச்சி, இவ்வளவு நாளும் உனக்கு இது விளங்கல்லயே எண்டு என்னை நானே ஏசிக்கொண்டன்.

அடுத்தநாள் சுருதியப் போட்டு ஊர்ப்பேர்களப் பாடினன். கிரான்குளம் வரைக்கும் வந்து நிப்பாட்டினன். மாமா தலையத் திருப்பி, குருக்கள்மடம் எண்டார். தெளிவா. எனக்கு அழுகையே வந்திட்டு. இதில மாயம் ஒண்டும் இல்ல, கதை அழிஞ்ச மூளையிலயும் பாட்டும் பழகின சொல்லும் தப்பி இருக்கும், எல்லாம் புத்தகத்தில உள்ளதுதான்.

பிறகு ஒவ்வொரு செஷனும் பஸ் ஓட்டினம். கஞ்சிராவ அவர்ட வலக்கைப் பக்கம் வைப்பன், விழுந்த கை ஒருநாளைக்கெண்டாலும் அசையாதா எண்டு. அவர் இடக்கையக் குறுக்கால நீட்டித்தான் தட்டுவார். ஒரு தட்டு எண்டா பஸ் நிக்கோணும், ரெண்டு தட்டு எண்டா எடுக்கோணும். எல்லா ஊரும் ஒழுங்காச் சொல்லுவார், களுதாவளையில நிப்பாட்டி, இஞ்ச ஆர் மாமா இறங்கிறது, பூமணிதானே எண்டு நான் கேட்டா மட்டும் வாய் பூட்டிப்போகும். பூமணி எண்டு நானும் எத்தனையோ மெட்டில பாடிப் பாத்தன், அந்தப் பேர் வரவே இல்ல.

இருபதாவது செஷன், கடைசி நாள். மேடம் பதினொரு மணிக்குப் பாக்க வாறதா இருந்தா. நான் பத்துக்கே போயிட்டன். முன்னால மேசையில ஒரு ஆளும் இல்ல, நான் அதப் பெரிசா எடுக்காம நேர அறைக்குப் போனன். மாமா யன்னலடியில சக்கரக் கதிரையில இருந்தார். எப்பவும் உடுக்கிற நீலச் சாரன், அதே சேட்டு. போன்ல றெக்கோடிங்கப் போட்டுட்டு பஸ்ஸ எடுத்தன். நம்பினா நம்புங்க, அண்டைக்கு அவர்ட குரல் நோயாளிட குரல் இல்ல, சனம் நிறைஞ்ச பஸ்ஸில பின்னால இருந்து கூப்பிடுற கொண்டக்டர்ட குரல். களுதாவளையில ஒரு தட்டு. ஆர் மாமா இறங்கிறது எண்டு கேட்டன். அவர் என்னைத் தாண்டி வாசலப் பாத்துச் சொன்னார்.

"குடைக்காரி, நீ இரி. உன்ட இடம் இன்னும் வரல்ல."

முழு வசனம். ஆனா பூமணி வரல்லயே எண்டு எனக்குச் சப்பெண்டு போயிட்டு, இத இப்ப சொல்ல வெக்கமாக் கிடக்கு. எழும்பி, போயிட்டு வாறன் மாமா எண்டன். ரெண்டு தட்டுத் தட்டினார். வெளிய கிடந்த மர வாங்குல குந்தி, ஒவ்வொரு செஷனுக்கும் எழுதுற பதிவுப் பக்கத்த சூட்டோட சூடா நிரப்பினன். இலக்கு நிறைவேறவில்லை. தொடர்பில்லாத சொற்கள்: குடைக்காரி, இரி.

பதினொண்டுக்கு மேடம் வந்தா, முகம் வீங்கிக் கிடந்திச்சு. "வினோதினி, உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லயா? தங்கராசா ஐயாவ ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனம், விடியப்பறம் சீவன் போயிட்டு. எல்லாரும் அங்கதான் நிண்டம்."

நான் சிரிச்சன். வாங்க காட்டுறன் எண்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனன். யன்னலடியில கதிரை மட்டும் இருந்திச்சு.

றெக்கோடிங்க ரெண்டு பேரும் இருந்து கேட்டம். சுருதி இருக்கு, என்ட குரல் இருக்கு, நான் கேட்ட கேள்வி எல்லாம் இருக்கு, அவர் மறுமொழி சொன்ன இடமெல்லாம் அந்தந்த அளவுக்கு வெறுமை. ஒரு சொல்லும் இல்ல. கடைசியா என்ட போயிட்டு வாறனுக்குப் பிறகு மட்டும் கஞ்சிராவில ரெண்டு தட்டு, கல்லுல அடிச்ச மாதிரித் தெளிவா. மேடம் முதல்ல தன்மையாத்தான் சொன்னா, களைப்பு புள்ள, மனசு பதறினா இப்படி வரும், அந்தப் பக்கத்த வெட்டிப்போட்டு வேற ஆளோட ஒரு செஷன் செய்யுங்க, இடையில நோயாளி தவறினா அதுக்கு இடம் இருக்கு, பயிற்சி முடிஞ்சிரும் எண்டு. நான் மாட்டன் எண்டதும் குரல் மாறிட்டு. ஆள் இல்லாத செஷன எழுதினா கள்ளப் பதிவு எண்டுதான் சொல்லுவாங்க, சான்றிதழே வராது எண்டா.

"கள்ளம் எழுதுறவள் நிறைவேறவில்லை எண்டா மேடம் எழுதுவாள்?" எண்டு கேட்டன்.

வாய் காட்டினாலும் உள்ளுக்குப் பயம்தான். அப்பாட லாச்சி கண்ணுக்குள்ள வந்து வந்து போச்சு. வெட்டுவமா எண்டு பேனையத் திறந்து திறந்து மூடினன். அப்படியே மாமாட எட்டாம் நாள் சடங்கும் வந்திட்டு, களுதாவளைக்குப் போனன். மாமி என்னைத் தனியக் கூப்பிட்டு ஒண்டே ஒண்டுதான் கேட்டா, கடைசியா உன்னோட இருக்கேக்க என்ட பேர் சொன்னவரா எண்டு. ஓம் எண்டு சொல்லியிருக்கலாம், எனக்கு வாய் வரல்ல. இல்ல மாமி, ஆரோ குடைக்காரியத்தான் இரி, உன்ட இடம் இன்னும் வரல்ல எண்டவர் எண்டன்.

குடைக்காரி நான்தான் மகள் எண்டா மாமி.

கலியாணத்துக்கு முதல் அவ டவுனில ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போனவ, ஒவ்வொரு நாளும் வெள்ளைக் குடையோட அவர்ட பஸ்ஸில. அண்டையில இருந்து அவருக்கு அவ குடைக்காரிதான், பூமணி எண்டு ஒருநாளும் கூப்பிட்டதில்ல, குடைக்காரி எண்டுறதும் ஆளில்லாத நேரம்தான், புள்ளைகளுக்கே தெரியா. "உன்னட்ட அதச் சொல்ல வெக்கமாக் கிடந்திச்சு மகள், அதுதான் பேர் எண்டு மட்டும் சொன்னனான்" எண்டா. அவ்வளவு நாளும் நான் பிழையான பேரையெல்லோ அந்த மனிசனுக்குப் படிப்பிச்சிருக்கிறன்.

பிறகு குரலத் தாழ்த்தி இன்னொண்டும் சொன்னா. "அண்டைக்கு எங்கட பெடியனுகள் அவர ஆஸ்பத்திரியால கொண்டுவரப் போன நேரம், பத்துப் பத்தரை இருக்கும், நான் கிணத்துக் கட்டில ஏறி நிண்டனான். ஏன் இறங்கினன் எண்டு எனக்குத் தெரியா."

அதுக்குப் பிறகு அந்தப் பக்கத்த வெட்டச் சொல்ல ஒருத்தருக்கும் உரிமை இல்ல எண்டு முடிவெடுத்தன். வேற ஒரு ஆச்சியோட இருபத்தியொராவது செஷனையும் செய்தன், மேடம் மற்ற எல்லாத்துக்கும் கையெழுத்து வச்சா, அந்தப் பக்கம் கையெழுத்தில்லாம, வெட்டும் இல்லாம அப்படியே போச்சு. சான்றிதழும் வந்திச்சு. அப்பாட விண்ணப்பத்த நானே லாச்சிக்குள்ள இருந்து எடுத்துக் கிழிச்சன்.

மாமி இப்பவும் வெள்ளைக் குடையோட பஸ்ஸில போறா, கண்டா கை காட்டுவா. மேடமும் நான் பொய் சொல்றன் எண்டு இப்ப சொல்றதில்ல, கதைய மாத்திடுவா. நான் கண்டது கனவு, களைப்பு, பைத்தியம், என்னவும் சொல்லுங்க, எல்லாத்துக்கும் என்னட்ட மறுமொழி இருக்கு. ஒண்டுக்குத்தான் இல்ல. பதிவுப் பக்கத்தின்ட அடியில எந்தக் கையால தட்டினார் எண்டு அடையாளம் போடுற ஒரு கட்டம் இருக்கு. சான்றிதழ் வந்து கன நாளைக்குப் பிறகு, பிரதி எடுக்கேக்கதான் அதப் பாத்தன். மாமாட முதல் பத்தொன்பது பக்கத்திலயும் இடது எண்டோ, ஒண்டும் போடாமலோதான் கிடக்கு. அவர்ட அந்தக் கடைசிப் பக்கத்தில மட்டும், என்ட கையால, நான் யோசிக்காமலே போட்டிருக்கிறன், வலது எண்டு.