கம்பில்லாத கூடாரம்

பிள்ளைகளே, அமெரிக்காவில் கோடை வந்தால் வெள்ளைக்காரர்கள் மோட்டாரில் ஏறித் தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவார்களாம். வழியில் கூடாரம் அடித்துத் தங்குவார்களாம். மலை, அருவி எல்லாம் பார்ப்பார்களாம். அப்படி ஒரு படம் போட்ட இங்கிலீஷ் பத்திரிகைத்தாள், பினாங்குக் கடைத்தெருவில் நான் வேலை பார்த்த துணிக்கடைக்கு ஏதோ சாமானைச் சுற்றிக்கொண்டு வந்தது. அன்றோடு எங்கள் முதலாளிக்குப் புத்தி கெட்டது.

நம் ஊரில் கோடை என்று தனியாக ஏது? மழை பெய்யும், இல்லாவிட்டால் பெய்யப்போகும். முதலாளிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? படத்திலிருந்த வெள்ளைக்காரன் கூடாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். தாமும் அப்படி உட்கார்ந்து ஒரு படம் பிடித்துக் கடையில் மாட்ட வேண்டும். கோலாலம்பூர் வரை போய்வந்ததன் நோக்கம் அவ்வளவுதான்.

மோட்டார் ஓட்டவும் படம் பிடிக்கவும் அவருடைய மச்சான். பெயர்ப்பலகை வாசிக்கவும் சமைக்கவும் நான். நான்காம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்ததற்குக் கிடைத்த தண்டனை.

அந்த வாரம் எனக்கு முக்கியமான காரியம் ஒன்று இருந்தது. நிபோங் திபாலுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் உங்கள் அத்தைக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. அங்கிருந்த சின்னக் கோயிலுக்குச் சாமியார் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். ஞாயிறு காலை பூசை. எட்டு மணிக்கு ஞானஸ்நானம். பிள்ளையை ஏந்தி நிற்க வேண்டிய ஞானத்தகப்பன் நான். இதைச் சொன்னதும் முதலாளி, "சனிக்கிழமையே தோட்டத்து வாசல்ல இறக்கி விடுறேன்லா, கவலைப்படாதே" என்றார். நம்பினேன்.

மோட்டாரைப் படகில் ஏற்றி அக்கரைக்குப் போய்ப் புறப்பட்டோம். ஈப்போவில் சுண்ணாம்பு மலைகளை மோட்டாரை விட்டு இறங்காமலே பார்த்து, "வெறும் பாறை" என்று தீர்ப்புச் சொன்னார். பத்துமலையில் முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஏறி இறங்கின மாதிரி எடுடா" என்றார். வேர்வை தெரிய அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தவன் நான்தான்.

கூடாரம் மட்டும் மோட்டாரின் முதுகில் கட்டியபடியே கிடந்தது. தைப்பிங்கில் அட்டையாம், தாப்பாவில் புலியாம். ஒவ்வோர் ஊரிலும் தெரிந்த வியாபாரி வீட்டு மெத்தையில் படுத்தெழுந்து, அவர்கள் வைத்த இட்டிலியைக் குறை சொல்லிக்கொண்டே எட்டு தின்றார்.

திரும்பும் வழியில் சனிக்கிழமை மாலை நிபோங் திபால் வந்தோம். தோட்டம் அங்கிருந்து மூன்றே மைல். அப்போதுதான் அவருக்குக் கூடாரப் படம் இன்னும் எடுக்கவில்லை என்பது உறைத்தது.

"காலையில வெளிச்சம் வந்ததும் ஒரே படம், அஞ்சு நிமிசம். அப்புறம் மோட்டார்லயே கொண்டு விடுறேன்."

அதையும் நம்பினேன்.

விடிந்ததும் ஆற்றங்கரையில் கூடார மூட்டையை அவிழ்த்தோம். கித்தான் இருந்தது, கயிறு இருந்தது, கம்புகள் இல்லை. கடை ஆட்கள் அதை வெயிலுக்கு மறைவாக வாசலில் இழுத்துக் கட்டும் கித்தான் என்று நினைத்துக் கம்புகளை மூலையில் சாத்திவிட்டார்கள். ஏழு நாளும் ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ நல்ல உயரம். உள்ள போய் நின்னு கையைத் தூக்கிப் பிடி. படத்துல தெரிய மாட்டே."

நின்றேன். வெளியே அடுப்பு மூட்டினார்கள். கித்தான் வாடையில் எனக்கு மூச்சு முட்டியது.

"அத்தான், கூடாரம் கோணலா இருக்கு."

"டேய், வலது கையை ஒசத்து!"

"ஐயா, மணி ஏழு ஆயிருக்கும். சாமியார் போயிடுவாரு" என்றேன்.

"கூடாரம் பேசுது அத்தான்!" என்று மச்சான் சிரித்தார்.

"புள்ளை எங்கயும் ஓடிடாது. வெயில்தான் ஓடிடும். சும்மா நில்லு" என்றார் முதலாளி.

சும்மா நின்றேன். மேகம் வந்தது, போனது. முட்டை கருகிவிட்டது என்று இன்னொன்று உடைத்தார்கள். அதற்குள் மறுபடியும் மேகம். மூன்றாவது முட்டைக்கு ஆள் அனுப்பலாமா என்று அவர்கள் பேசியபோது கைகளைக் கீழே விட்டேன். பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்து நடந்தேன். பின்னால் கித்தான் முதலாளி மேல் சரிந்தது. "இப்ப எடுக்காதேடா, எடுக்காதே!" என்று அதற்குள்ளிருந்து அலறினார்.

மூன்று மைலும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். சாமியார் சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையின் தலை ஈரமாக இருந்தது. ஞானத்தகப்பனாக என் இடத்தில் நின்ற தோட்டத்துக் கங்காணி அதை ஏந்தியிருந்தார்.

"எவ்வளவு நேரந்தான் சாமியை நிறுத்தி வைக்கிறதுண்ணே? நம்ம புள்ளையைத்தான் கடைசியாக் காட்டினேன்" என்றாள் உங்கள் அத்தை. அழுதிருந்தாள். "என்னா ஆச்சு?"

"மோட்டார் கெட்டுப்போச்சு" என்றேன்.

முதலாளியை இவ்வளவு இகழ்ந்து எழுதிவிட்டேன். ஆனால் அவர் என் கைகளைக் கட்டிப்போடவில்லை. முதல் முட்டைக்கே நான் கைகளைக் கீழே விட்டிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பேன். முட்டை பொரிக்கிற படத்துக்காக ஒரு மனிதன் முட்டாளாவது பெரிதல்ல. அந்த முட்டாளுக்குக் கம்பாக நின்றவனை என்னவென்று சொல்வது? உங்கள் அத்தை மகன் திருநாளன்று ஆசி வாங்க முதலில் கங்காணி வீட்டுக்குப் போகிறான் என்று நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். அவன் போக வேண்டிய வீடு அதுதான். மோட்டார் கெட்டுப்போகவே இல்லை.