ஸ்டெல்லா மாமியின் அடுக்களை

ஃபிளாட் வராந்தாவில் வெறுங்கால்கள் தடதடவென்று ஓடிவந்தன. பின்னாலேயே எதிர்வீட்டு அக்காவின் குரல்: "நில்லுட்டி!" அவ்வளவுதான், நான் சிறுவயதில் வளர்ந்த இரணியலில் இருந்தேன்.

அம்மா விளக்குமாற்றைத் தூக்கினால், நான் பக்கத்துவீட்டு ஸ்டெல்லா மாமியின் அடுக்களைக்குள் பாய்வேன். தேங்காயெண்ணெயில் நேந்திரங்காய் சீவிப்போட்டு ஏத்தங்காய் வத்தல் பொரியும் மணம். மாமி கரண்டியோடு வாசலை மறிப்பாள். "எங்க வீட்டுக்குள்ள பிள்ளைய அடிக்கப்பிடாது, கேட்டியா?" அம்மா படியைத் தாண்டவே மாட்டாள். மூச்சுவாங்க நின்று, ரெண்டு வத்தல் தின்று, என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போவாள். அப்புறம் அடி விழாது. மாமியின் மகனும் எங்கள் வீட்டுக்கு இப்படித்தான் ஓடிவருவான்.

யார் போட்ட சட்டம் அது? வளர்ந்தபின் அம்மாவிடம் கேட்டேன், "நீ ஏன் உள்ள வரல்ல?"

"கோவத்துல எனக்கு கை நிக்காது மக்கா. யாராவது நிப்பாட்டணும்லா?"

அடிக்க வந்தவளுக்கும் அந்த வாசல் வேண்டியிருந்ததா?

வராந்தாவில் காலடிகள் நெருங்கின. கதவைத் திறந்தேன். அக்காவின் மகள் உள்ளே பாய்ந்தாள். அக்கா ஸ்கேலோடு வாசலில் நின்றாள்.

"எங்க வீட்டுக்குள்ள அடிக்கப்பிடாதுக்கா," என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். ஸ்கேல் மெல்லத் தாழ்ந்தது.

"கொஞ்சம் தண்ணி தருவியா?" என்றாள்.