எட்டுப் பாகம் ஆழத்திலிருந்து எடுத்த செம்பு

காலை ஐந்தரை மணிக்குக் குளச்சலில் பஸ் ஏறினேன். கையில் ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு பித்தளைச் செம்பு. கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் வெட்டுவதுபோல அதன் கழுத்தில் ‘யோ. எஸ்தர், பாறசாலை’ என்று பெயர் வெட்டியிருந்தது. அந்த எஸ்தர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. இருந்தால் என்ன சொல்வது என்பதும் தெரியாது.

நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். கடலில் முங்கிப் பாறையில் சிப்பி எடுப்பது என் தொழில். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் எங்கள் கரைக்கு நேரே ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது. சண்டை முடிந்து இரண்டு வருடம் கழித்து ஒரு காண்டிராக்டர் வந்து, அதிலுள்ள பித்தளைச் சாமான்களை எடுத்துத் தர எங்களைக் கூப்பிட்டார். இரு கையும் விரித்தால் ஒரு பாகம். அப்படி எட்டுப் பாகம் ஆழம். மூச்சடக்கிப் போய்க் குழாயும் விளக்குமாகக் கழற்றி வந்தோம். ஒருநாள் கப்பலின் அடுக்களைக்குள் நுழைந்தபோது இந்தச் செம்பு கையில் பட்டது. இதை மட்டும் நான் காண்டிராக்டரிடம் கொடுக்கவில்லை. ஏழு வருடம் வீட்டுப் பரணில் கிடந்தது. என் மனைவி ஒருநாளும் அதில் தண்ணீர் பிடித்ததில்லை.

இந்த வருடம், எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் பக்கத்து ஊரில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி மூன்று நாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றாள். “எங்கன்னு மட்டும் சொல்லுங்க” என்று போகிற வருகிறவரிடமெல்லாம் கேட்டாள். நானும் அந்த வழியாகப் போனேன். அன்றைக்கே செம்பைப் பரணிலிருந்து இறக்கினேன்.

கருங்கல் வழியாக மார்த்தாண்டம் பன்னிரண்டு மைல், ஆறணா. ஏழரை மணிக்கு அங்கே பஸ் மாறினேன். கடைகள் பாதி சாத்தியிருந்தன. குழித்துறைப் பாலத்தில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி முகங்களைப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

“இந்த பஸ்ஸு களியக்காவிளை வரைக்கும்தான். அங்கிட்டு நடந்து போயிக்கிடணும்” என்றார் கண்டக்டர்.

என் பக்கத்தில் ஒரு வாழைக்குலை வியாபாரி. அவருக்கு முன்னால் குடையோடு ஒருவர். தமிழ்த் தாலுகாக்களைப் பிரித்தால் கோடு எங்கே விழும் என்று பேச்சு.

“நெய்யாற்றுக்கு அக்கரையிலயாக்கும் கோடு. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லாம் நமக்கு” என்றார் வியாபாரி.

“உமக்க மாமியாரு பாலராமபுரத்துலல்லா? அவளையும் சேத்து வாங்குவீரா?”

“அவள விட்டுட்டுக் கோடு போட்டா கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்துவேன் ஓய்!”

பஸ் முழுவதும் சிரித்தது. நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

களியக்காவிளையில் ஓரணாவுக்குச் சாயா குடித்துவிட்டு வடக்கே நடந்தேன். இரண்டரை மைல் இருக்கும். இருபுறமும் மரச்சீனித் தோட்டம், கமுகு, செம்மண் திட்டு. எங்கள் பக்கம் வெள்ளை மணலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சிவப்பு கூசியது. பாறசாலைச் சந்தையருகே ஒரு வெற்றிலைக் கடையில் எஸ்தர் வீட்டைக் கேட்டேன்.

“கப்பல்காரனுக்க பெஞ்சாதி எஸ்தரா? சர்ச்சு தாண்டி மூணாவது வீடு. கல்யாண வீடாக்கும், வெள்ளையடிக்கிறது தெரியும்.”

பத்து மணிக்கு அந்த வாசலில் நின்றேன். ஏணியில் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர் எஸ்தரின் தம்பி சத்தியநேசன். எஸ்தர் முற்றத்தில் பாக்கு உலர்த்திக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். பெண்களிடம் பேச எனக்கு நாக்கு வராது. செம்பை எடுத்து நீட்டினேன்.

எழுத்தின்மேல் பெருவிரலை ஓட்டினார். “இது எனக்க செம்பாக்கும்! அவரு கப்பலுக்குப் போகும்போ தண்ணி குடிக்கக் குடுத்து விட்டது. எங்க கிட்டிச்சு?”

“வலையில” என்றேன். அது பொய். அவர் முகத்தைப் பார்த்ததும் அதுதான் வாயில் வந்தது.

எஸ்தர் சிரித்தார். “அப்போ எங்கயாவது விட்டிருப்பாரு. இல்லேன்னா வித்திருப்பாரு. எலே சத்தியநேசா, பாத்தியா? செம்பு வந்துட்டு. இனி ஆளும் வருவாரு.”

சத்தியநேசன் ஏணியிலிருந்து இறங்கி எனக்கு விளக்கினார். எஸ்தரின் கணவர் தாசையன் போய்ப் பன்னிரண்டு வருடம். காணவில்லை என்று கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்ததோடு சரி. இப்போது மகள் கிரேஸுக்குக் கல்யாணம். வரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் ஓலை வாசிப்பு. சபைக்கு முன்னால் பெண் பெயரும் தகப்பன் பெயரும் வாசிப்பார்கள்.

“காலஞ்சென்ற தாசையன்னு எழுதுன்னு நாலு நாளா சொல்லுதேன். அக்கா கேக்கவே மாட்டேங்கா.”

“உயிரோட இருக்குதவர எப்படிலே எழுத?” என்றார் எஸ்தர். செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டார். கதவருகே கிரேஸ், தைத்துக்கொண்டிருந்த துணியோடு, என்னையே பார்த்தாள்.

ஒரு சொல்லில் நான் செத்தவரை எழுப்பிவிட்டேன். அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போக முடியவில்லை.

“வலையில கிட்டல்ல. மூழ்கின கப்பல்ல ஏழு வருசத்துக்கு முந்தி நான் முங்கி எடுத்தது. அடுக்களைக்க கதவு அடைஞ்சு கிடந்துது, இடிச்சுத் தொறந்தேன். உள்ள ஒரு ஆளு உண்டு. எலும்புதான்.”

எஸ்தர் செம்பை இடுப்பிலிருந்து இறக்கினார்.

“அவரு பண்டாரியாக்கும்” என்றார் எஸ்தர். “சமையல்தான் வேலை.” பிறகு நேராக என்னைப் பார்த்தார். “ஆள அங்க விட்டுட்டு செம்ப மட்டும் எடுத்துட்டு வந்தீரா?”

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் சவம் கண்டால், வலை நிறைய மீன் கிடந்தாலும் அறுத்துவிட்டு, அதைக் கரை சேர்க்க வேண்டும். எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்பதில்லை. நானே இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன். அந்த அடுக்களையில் அது நினைவு வரவில்லை. எலும்பைக் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் செம்பை எடுத்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

“எக்கா, அவரு வந்து சொன்னாருல்லா” என்றார் தம்பி.

“ஏழு வருசம் கழிச்சு. ஏழு வருசமும் பத்திரமா வரணும்னு ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்.” குரல் உயரவில்லை. “இப்போ அங்க என்ன உண்டு?”

“ஒண்ணும் இல்ல. வெடி வச்சுப் பொளந்து இரும்பையும் கொண்டு போயிட்டாங்க. கடல்ல நின்னு மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேரா பாத்தா எடம் மட்டும் தெரியும்.”

எஸ்தர் செம்போடு சர்ச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். தன் தகப்பனார் கல்லறைக்கு அருகே குனிந்து மூன்று பிடி மண் எடுத்துச் செம்பில் போட்டார். கிரேஸ் மூன்று பிடி. தம்பி மூன்று பிடி.

“அடக்கம் பண்ணும்போ எல்லாரும் மூணு பிடி போடுவோம். எனக்குப் போட வாய்க்கல்ல” என்றார். கிரேஸ் கையிலிருந்த துணியில் ஒரு துண்டு கிழித்து வாங்கிச் செம்பின் வாயைக் கட்டி என்னிடம் நீட்டினார். “எடுத்த எடத்துல கொண்டு வையும்.”

ஒரு மணிக்குச் சத்தியநேசன் என்னோடு ரோடு வரை வந்தார். சுண்ணாம்புக் கையைக் கழுவவில்லை. ஓலை எழுதும் உபதேசியார் வீடு உதியன்குளங்கரையில். ஒரு சொல் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்று அவர் வடக்கே நடந்தார். நான் தெற்கே நடந்தேன்.

களியக்காவிளையில் காலையில் வந்த அதே பஸ். கண்டக்டர் துணிப்பையைத் தூக்கிப் பார்த்தார்.

“பை நல்ல கனமா இருக்குதே. உள்ள என்னவாக்கும்?”

“மண்ணு. பாறசாலை மண்ணு.”

பின்னாலிருந்து வாழைக்குலை வியாபாரி எழுந்தே விட்டார். “கேட்டீரா ஓய்! பாறசாலை மண்ணை எடுத்துட்டுப் போறாரு! கோடு எங்க போட்டாலும் மண்ணு நமக்காக்கும்!” இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். யாரோ எழுந்து சன்னல் ஓரத்து இடம் கொடுத்தார். மார்த்தாண்டம் வரை தலையைக் குனிந்தே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று நான் கட்டுமரம் இறக்கினேன். என் இடது காதின் சவ்வு கிழிந்து இரண்டு வருடம் ஆகிறது, இனி முங்க முடியாது. அதனால் செம்பைக் கயிற்றில் கட்டியிருந்தேன். மலையும் கோபுரமும் நேரே வந்தபோது வெயில் ஏறி ஒன்பது மணி இருக்கும். பாறசாலையில் அந்த நேரம் ஓலை வாசிப்பார்கள். எட்டுப் பாகம் விட்டதும் அடி தட்டியது. கயிற்றை இழுத்துப் பார்க்காமல் கையை விட்டேன்.