முனிரத்தினம் கிழித்துப் போட்ட குறிப்பு

ஓசூர் தாலுகா அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த முனிரத்தினம் காலமாகிவிட்டார். நேற்றுக் காலை தபால் பையோடு வந்த பியூன்தான் சொன்னார். கையில் எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவரோடு வேலை பார்த்த உங்களிடம், இத்தனை நாள் நான் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு நான் தற்காலிக குமாஸ்தா. பழைய ஃபைல்களைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டிருந்தேன். அதில் கிடைத்ததுதான் ‘பேஸ்லெஸ்’. ஆதாரமற்றது என்று அர்த்தம். என்ன மிடுக்கான சொல்! கையெழுத்தில்லாமல் வரும் மொட்டைப் பெட்டிஷன் ஒவ்வொன்றின் மேலும் அதை எழுதி, கட்டுக்குள் சொருகிவிடுவேன். துரையே எழுதியது போல எனக்கு ஒரு பெருமை.

மழைக்காலத்தில் ஒருநாள், பாகலூர்ப் பள்ளிக்கூடச் சுவர் சாய்கிறது என்று ஒரு மொட்டைப் பெட்டிஷன் வந்தது. வழக்கம்போல எழுதினேன். முனிரத்தினம் எட்டிப் பார்த்தார்.

“ஏப்பா, நீ போய்ப் பாத்தியா?”

“மொட்டைப் பெட்டிஷன்தானேண்ணா. எவனோ வேலையத்தவன்.”

“பேரு போட பயந்தவன் பொய்தான் சொல்லுவான்னு யாரு சொன்னது? சைக்கிளை எடு.”

வழியெல்லாம் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே மிதித்தேன். சுவரைப் பார்த்ததும் சைக்கிளை அப்படியே கீழே போட்டேன். மண்சுவர் ஊறி, வகுப்புப் பக்கமாக வயிறு தள்ளி நின்றது. அதை ஒட்டி உட்கார்ந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“மேலிடத்து உத்தரவு இல்லாம எப்படிங்க பள்ளியை விடறது?” என்றார் வாத்தியார்.

முனிரத்தினம் அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். தமிழில் கூப்பிட்டார், தெலுங்கில் கூப்பிட்டார், “ஆச்செ பன்னி, ஆச்செ பன்னி” என்று, வெளியே வரச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார். ஒரு சின்னப் பெண் பலகையை எடுக்கத் திரும்பி ஓடினாள். அவளை இடுப்போடு தூக்கிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டினார். தலைகளை எண்ணி முடிப்பதற்குள் சுவர் விழுந்தது.

அலுவலகம் திரும்பியதும் என் குறிப்பைக் கிழித்துப் போட்டார். தாசில்தார் விசாரித்தபோது, “இவன்தாங்க பெட்டிஷனைப் படிச்சுட்டு என்னையும் இழுத்துட்டுப் போனான்” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாராட்டில்தான் என் வேலை நிரந்தரமானது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

“எனக்குத்தான் வேலை இருக்குதில்ல” என்று சிரித்தார்.

ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை நான். அவ்வளவு வெட்கம். பாகலூரில் இன்றைக்கும், பிள்ளைகளைக் காப்பாற்றியவர் என்று என்னைக் கும்பிடுகிறார்கள். அவருக்குச் சேரவேண்டியதாக என்னிடம் இருப்பது அந்தக் கும்பிடுதான். நாளைக்கு அங்கே போகிறேன். அந்தப் பெட்டிஷனை ஆதாரமற்றது என்று எழுதியவன் நான்தான் என்று சொல்லப்போகிறேன்.